கசிவின் மூலம் காண்டல்



நனைந்திருக்கும் இடத்திலேதான் தண்ணீர் நுழைந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழைபடும். இதனை விளக்கப் பெரிய சாத்திரம் வேண்டுவதில்லை. ஒரு பழைய ரயில் பெட்டியே போதும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு ரயில் பெட்டி அயலான பொருளன்று. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் இருப்புப் பாதை நம் ஊர்களின் ஊடே கிடக்கிறது. திருப்பதியை அடுத்த செட்டிப்பள்ளியிலே பெட்டிகளைச் செப்பனிடும் ரயில்வே பணிமனையும் இருக்கிறது. படுக்கும் பலகை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, விளக்கு, விசிறி யாவும் அமைந்த பெட்டி, சக்கரத்தின்மேல் ஏற்றி வைத்த வீடேயாகும். ஓடி ஓய்ந்த பெட்டிகள் சில முகாம் பெட்டிகளாக மாற்றப்படுவதும், இருப்புப் பாதைத் தொழிலாளர் அவற்றிலேயே உண்டு உறங்குவதும் உண்டு.

சென்னைப் பெரம்பூரில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். சுவிட்சர்லாந்து நாட்டு முறையைத் தழுவி அங்கே கட்டப்பட்ட எஃகுப் பெட்டிகளே நெடுங்காலம் தேசமெங்கும் ஓடின. அவ்வகைப் பெட்டி கட்டுவது 2018 ஜனவரியோடு நின்றது. துருவேறா எஃகினால் ஆகிய புதுவகை அதன் இடத்தைப் பெற்றது. பழைய வகைக்கு வகுத்த ஆயுள் 25 ஆண்டுகள். அந்த ஆயுளைக் குறைக்கும் பெரும்பகை தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழையில் இப்பகை எவ்வாறு நுழைகிறது என்று பாருங்கள். கூரையின்மேல் உள்ள காற்றுப்போக்கியின் அடியில் அடைப்பு உலர்ந்து வெடித்திருக்கும். மயிரிழை போன்ற அவ்வெடிப்பில் இறங்கும் துளி நேரே கீழே விழுவதில்லை. கூரை வளைவின் உட்புறத்தைப் பற்றி ஓடி, விலாச் சட்டத்தில் ஏறி, பக்கத்துத் தூண் வழியே இறங்கி, உட்பலகைக்குப் பின்னே மறைந்து செல்லும். வண்டி நிற்கையில் ஒரு திசை. பிரேக் பிடிக்கையில் வேறொரு திசை. வளைவில் சாய்கையில் இன்னொரு திசை. கடைசியாக எங்கோ ஒரு சன்னலின் கீழே பழுப்புக் கறையாகத் தோன்றும். அச்சன்னல் ஒரு குற்றமும் செய்ததன்று.

சோம்பேறித் தொழிலாளி கறையின்மேல் பட்டி பூசி வர்ணம் அடித்துவிடுவான். பெட்டி புதிதுபோல் மின்னும். பலகைக்குப் பின்னே துரு தன் வேலையை நிறுத்துவதில்லை.

தேர்ந்த தொழிலாளி செய்வது வேறு. முதலில் பலகைகளுக்குச் சாக்குக்கட்டியால் எண்ணிட்டு, திருகாணிகளைத் தனித்தனியே எடுத்துவைத்து, பலகையைக் கழற்றுகிறான். பின்னால் உள்ள தடத்தை விளக்குப் பிடித்துப் பார்க்கிறான். ஈரத்தின் தடம் அகலமாய் இருக்குமிடம் முடிவு. குறுகிக்கொண்டே மேலே போகுமிடம் தொடக்கம். அத்தடத்தை விடாமல் மேல்நோக்கித் தொடர்கிறான். ஐயம் தீராவிடின் ஒருவன் வெளியே நின்று குழாயால் நீர் விட, மற்றொருவன் உள்ளே அமர்ந்து நோக்குகிறான். நீரைக் கீழ்ப்பொருத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொருத்தாக மேலேற்ற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாப் பொருத்துகளும் ஒருங்கே நனையும். எது துளை என்று எவரும் சொல்ல இயலாது. இவ்வேலைக்கு வலிமையைவிடப் பொறுமையே வேண்டும்.

இனி, அத்தண்ணீர் இறுதியில் சேருமிடத்தைக் கவனியுங்கள். பெட்டியின் இருபுறமும் நீளமாய் ஓடும் அடிச்சட்டமே பக்கச் சுவரையும் தளத்தையும் தாங்குவது. தண்ணீர் வெளியேற அங்கே துளைகள் விடப்பட்டிருக்கும். புழுதியும் குப்பையும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் அங்கேயே தங்கி எஃகை அரித்துவிடும். கழிப்பறையை ஒட்டியும், வாயிற்படியின் அடியிலும் இவ்வரிப்பு மிகுதி. பணிமனையில் கூர்முனைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பர். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்த எஃகு மந்தமாய் ஒலிக்கும், சில வேளை சுத்தி உள்ளேயே இறங்கிவிடும்.

துளை கூரையிலே, அழிவு அடிச்சட்டத்திலே. எல்லாப் பாரத்தையும் சுமப்பதற்கே எல்லா ஈரமும் வந்து சேர்கிறது. அடியிலே இருப்பதால் அரிபடுவது அதன் தலைவிதி என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டான். ஆனால் மனிதரைக் குறித்து அப்படிச் சொல்லும் நாக்குகள் எத்தனை! சேரியிலே நோயும் கடனும் கல்லாமையும் தேங்கியிருப்பதைக் காட்டி, “அது அவர்கள் முன்வினை” என்று கூறிக் கூரையை நோக்காமலே போய்விடுகின்றனர். இன்ப துன்பம் யாவும் முன்வினையாலேயே வருவன என்னும் கொள்கையைப் பகவர் மறுத்தார். அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் நிபாதத்திலே அதனைக் காணலாம். அக்கொள்கை மெய்யானால் செய்யத்தக்கது, தகாதது என்னும் முயற்சிக்கே இடமில்லாமற் போகும் என்பது அவர் காட்டிய நியாயம்.

நூலாலையில் உழைத்தோர் இதனை வேறு வகையிலும் அறிவர். ரிங் பிரேமில் நூல் ஓயாது அறுந்தால், பக்கம் பார்க்கும் பெண்ணைத்தான் மேஸ்திரி ஏசுவார். பழுதோ கார்டிங்கில் நன்றாகச் சிக்கெடுபடாத பஞ்சில் இருக்கும். அறுந்த நூல் அவள் கையெதிரே தோன்றுவதால் குற்றமும் அவளுடையதாக எண்ணப்படுகிறது.

இதைக் கேட்டு, “குற்றமெல்லாம் மேலிருந்து வந்ததே, நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை” என்று யாரும் அமர்ந்துவிட வேண்டாம். கூரைத் துளையை அடைத்ததனால் மட்டும் அரிபட்ட சட்டம் திரும்ப வளராது. துருவேறிய பகுதியை அறுத்தெடுத்துப் புதிய எஃகைப் பற்றவைத்தே ஆகவேண்டும். நம் வீட்டுள் புகுந்த கள்ளும் சூதும் எவ்வழியே வந்தனவாயினும், அவற்றை அறுத்தெறிவது நம் கைவேலை. பஞ்சசீலம் அதற்கென்றே ஏற்கப்பட்டது.

மேலும் ஒன்று. குளிரூட்டிய பெட்டியில், மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் சொட்டுவதுண்டு. அவசரக்காரன் கூரையைக் குடைவான். ஆராய்பவன் ஈரத்தைத் துடைத்துவிட்டு, வெயில் நாளிலே காத்திருந்து பார்ப்பான். குளிர்ந்த குழாயின்மேல் காற்றிலுள்ள ஈரமே வியர்வையாய்ப் படிந்து சொட்டுவது அப்போது விளங்கும். கணவனும் மனைவியும் மாமியாரும் ஒருவர்மேல் ஒருவர் சாற்றும் குற்றங்களில் எத்தனை வெளிமழை, எத்தனை தன் மனத்து வியர்வை என்பதையும் இவ்வாறே காத்திருந்து காண வேண்டும்.

பாலி மொழியில் ஆசவம் என்றொரு சொல் உண்டு. ஒழுகுதல், கசிதல் என்பது அதன் வேர்ப்பொருள். காமம், பவத்தின்மேற் பற்று, அறியாமை ஆகியவை மனத்தின் ஆசவங்கள். இவை முற்றும் அற்றவரே அரஹந்தர். மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாம் சூத்திரமாகிய சப்பாசவ சூத்திரம் இவற்றை நீக்கும் வழிகள் ஏழு என வகுக்கிறது. அடக்கல், பொறுத்தல், விலக்கல், வளர்த்தல் முதலியன அவற்றுள் அடங்கும். ஆயினும் முதலாவதாக வைக்கப்பட்டது காண்டல். பலகையைக் கழற்றாதவன் எதை அடக்குவான்? எதை விலக்குவான்?

ஆகவே வருகிற பௌர்ணமி உபோசதத்திலே ஒவ்வொருவரும் தம் இல்லத்துத் துன்பம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். யார்மேலும் பழி கூறுமுன் அதன் தடத்தை மேல்நோக்கித் தொடர்ந்து பாருங்கள். கண்டதை மறுநாள் வீட்டாரோடு அமைதியாய்ப் பேசுங்கள். விரைவு வண்டியின் பழைய பெட்டிகளையே 18 மாதத்திற்கு ஒருமுறை பணிமனைக்குக் கொண்டுவந்து சோதிக்கின்றனர். நமக்கோ மாதந்தோறும் உபோசதம் வருகிறது. அதனை வீணாக்காதிருப்போமாக.

தம்மம் நம் அனைவர்க்கும் துணையாகுக.