ஓரறிவும் ஐயறிவும்

தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தமை அன்பர்கள் அறிந்ததே. அதன்படி மரம் ஊற்றுணர்வு ஒன்றே உடையது. வௌவால் ஐம்புலனும் உடையது. அறிவு மிக்க உயிர்க்கு அருள் மிகுத்தும் குறைந்த உயிர்க்குக் குறைத்தும் செய்தல் முறையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. பொதியமலையைச் சார்ந்த களக்காடு முண்டந்துறைக் காடுகளில் ஒருங்கு வாழும் இரண்டு உயிர்களை இதற்கு எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, சலீம் அலி என்னும் பறவை நூலறிஞர் பெயர் பூண்ட பழந்தின்னி வௌவால். 1948-இல் மேகமலையில் பிடிபட்ட அதன் உடல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வேறொரு பொது வௌவாலின் பெயரால் இருபத்துநான்கு ஆண்டு கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனைத் தனிப் பேரினம் எனத் தெளிந்தார். அவ்வாண்டே பிறந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் தீங்குயிர் வரிசையில் வைத்தது! பின்னர் இவ்வினம் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பெற்றது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தீங்குயிர் அட்டவணையே ஒழிந்தது.

மற்றொன்று நாகேயா என்னும் மரம். இமயத்துத் தேவதாருவும் பைனும் அடங்கிய கூம்புமரக் கூட்டத்தில் தென்னிந்திய மலைகளில் தானே வளர்வது இஃதொன்றே. ஊசியிலையின்றி, நடுநரம்பில்லா அகலிலை உடைமையின், காண்போர் ஏனை மரங்களுள் ஒன்றென்றே கடந்து செல்வர்.

இரண்டிலும் உடலே காண்பாரை மயக்கிற்று. சித்தாந்தத்தின்படி உயிரெல்லாம் அறிதன்மையின. அதனை மறைப்பது ஆணவம். தநு கரணங்கள் வினைக்கீடாக இறைவனால் கூட்டப்படுவன. ஆகலின் ஒன்று, ஐந்து என எண்ணப்பட்டவை சாளரங்களேயன்றி உள்ளிருப்பான் அல்லன்.

அற்றேல், கீரை கிள்ளுதலும் ஆட்டைக் கொல்லுதலும் ஒக்குமோ எனின், ஒவ்வா. வருத்தம் கருவியளவினதாகலின் குற்றமும் அளவால் வேறுபடும். உண்டு வாழ்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. அவ்வளவையே நீட்டி, ‘மரந்தானே, வெட்டுக’ என்பார் கூற்று ஏலாது.

நம் காஞ்சியில் ஏகாம்பரநாதர் திருக்கோயில் மாமரத்தை வலம்வந்து வணங்குகின்றோம். ஓரறிவுயிர் என்று அதனை இகழ்வார் இலர். மண்டபத்து வௌவாலையோ, ஐயறிவு உண்டெனினும், நாற்றம் பற்றி ஓட்டுகின்றோம். நாம் எண்ணுவது அறிவையன்று, நம் உவப்பையும் வெறுப்பையுமே. வௌவால் குட்டியீன்று பாலூட்டும் உயிர். பறக்கவியலாக் குட்டி தாய் மார்பைப் பற்றித் தொங்கும். மண்டபம் தூய்மை செய்யும் திருப்பணியாளர், அக்குட்டிகள் சிறகு முற்றும் வரை சில வாரம் பொறுத்தலாகாதோ?