வரதர் கோயில் வழக்கு விட்டுச்சென்ற கேள்வி

காஞ்சி சங்கர மடத்தின் பீடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி, 2004 நவம்பர் 11 இரவு அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகரில் கொலை வழக்கில் கைதானார். கொல்லப்பட்டவர் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன். செப்டம்பர் 3 அன்று கோயில் அலுவலகத்திலேயே அவரை வெட்டிச் சாய்த்தார்கள். மட நிர்வாகத்தைக் குறைகூறி அவர் எழுதிய கடிதங்களே கொலைக்குக் காரணம் என்றது அரசுத் தரப்பு.

கோயிலுக்குள் ஒருவரைக் கொன்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோரின் உரிமையைப் பேசுவது, இறந்தவருக்குச் செய்யும் துரோகமா?

உயர் நீதிமன்றம் மறுத்த ஜாமீனை 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அக்டோபரில் வழக்கையே புதுச்சேரிக்கு மாற்றியது. மாநில அரசு மடத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது, கைதை விமர்சித்தவர்கள்மேல் வழக்குப் போட்டது, உடன் கைதானவர்கள் ஜாமீனில் வெளிவராதபடி குண்டர் சட்டத்தை ஏவியது ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாட்டில் நேர்மையான விசாரணை கிடைக்காது என்ற அச்சத்தில் நியாயம் இருப்பதாகச் சொன்னது.

2013 நவம்பர் 27 அன்று குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 23 பேரும் விடுதலையானார்கள். 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்ந்திருந்தனர். சங்கரராமன் குடும்பத்துக்கு இதைவிடக் கொடுமையான கணக்கு இருக்க முடியாது. ஆனால் அந்த 83 பேரைப் பிறழவைத்தது ஜாமீனும் அல்ல, இடமாற்றமும் அல்ல. சாட்சிக்கு அரசு துணைநிற்கும் என்ற நம்பிக்கை இந்த நாட்டில் இருந்ததே இல்லை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்ததே 2018 டிசம்பரில்தான். இறந்தவருக்குச் சேரவேண்டிய நீதியைக் கைதியின் உரிமையை வெட்டி எடுத்துக் கொடுக்க முடியாது. புலனாய்வும் சாட்சிப் பாதுகாப்பும்தான் அதைத் தரவேண்டும்.

உறுத்த வேண்டியது வேறொன்று. பீடாதிபதிக்கு டெல்லிவரை போய் வாதாடப் பெரிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் அடைபடும் சாதாரண மனிதனுக்கு? விசாரணை இல்லாமலே ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமைகூட அவனுக்கு இல்லை. இந்த நிலையின் வேர் பழையது. தடுப்புக் காவலில் சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில், ஒருவரைச் சிறையில் வைக்கச் சட்டம் வகுத்த நடைமுறை எதுவாயினும் போதும் என்று 1950இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி பசல் அலி மறுத்தார். நடைமுறை நியாயமானதாகவும் இருக்கவேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் ஏற்க 28 ஆண்டுகள் ஆயின. அடுத்த ஆண்டே ஹுசைனாரா கத்தூன் வழக்கில் பீகார் சிறைகளின் நிலை வெளிவந்தது. குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். இன்றும் இந்தியச் சிறைகளில் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாதவர்கள்.

பீடாதிபதிக்கு ஜாமீனும் நேர்மையான விசாரணையும் பெறும் உரிமை கிடைத்தது சரியே. அதே உரிமை, பிணைத்தொகை கட்ட வழியில்லாத தறிக்காரருக்குக் கிடைக்காமல் போவதுதான் அநீதி. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தரச் சட்டம் கட்டளையிடுகிறது. தெரிந்தவர் யாராவது கைதானால் முதல் வேலையாக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100.