கூட்டத்தால் கெட்டவனுக்குக் கூட்டமே துணையா?



சென்ற மாதம் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகன் ஹெரோயினுக்கு அடிமையாகி, புனர்வாழ்வு நிலையமொன்றில் இருந்து, அண்மையில்தான் வீடு திரும்பியவன். அந்தப் பழக்கத்தை விட்ட சிலர் வாரத்தில் ஒரு மாலை கூடி, தங்கள் நிலையை ஒருவருக்கொருவர் மனந்திறந்து பேசுகிறார்கள். (எங்கே என்று எழுதமாட்டேன், நீங்களும் விசாரிக்க வேண்டாம்.) மகனை அங்கே போகவிடும்படி நான் சொல்லியிருந்தேன்.

“சுவாமி, கூட்டாளிமாராலைதான் அவன் கெட்டவன். இப்ப நீங்களே அவனை இன்னும் நாலு குடுக்காரரோடை போய் இருக்கச் சொல்லுறியள். இது நியாயமோ?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. பாவத்தை மாத்திரமல்ல, பாவ சந்தர்ப்பத்தையும் விலக்க வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கள்ளுக்கொட்டிலில் போய் இருந்துகொண்டு குடிக்கமாட்டேன் என்று பிரதிக்கினை செய்வதில் பொருளில்லை. குருமடத்தில் இது பரீட்சைக் கேள்வியாக வந்திருந்தால், அந்தத் தாய் சொல்லும் விடையைத்தான் நானும் எழுதியிருப்பேன்.

ஆனால், இந்த நோயின் தன்மையையும் பார்க்க வேண்டும். அபினிலிருந்து செய்யப்படும் ஹெரோயினுக்கு உடல் மெல்ல மெல்லப் பழகுகிறது. அதே மயக்கத்துக்கு வரவரக் கூடிய அளவு தேவைப்படுகிறது. சில வாரங்கள் நிறுத்தினால் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆசை மட்டும் குறையாது. ஆகவே, சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வந்தவன் பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு அடங்கி இறக்கக்கூடும். பக்கத்தில் ஆள் இருந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடலாம். நலொக்சோன் என்ற மாற்றுமருந்தும் உண்டு. பூட்டிய அறைக்குள் யார் இருக்கிறார்கள்? 2022ஆம் ஆண்டில், ஊசிமூலம் ஹெரோயின் ஏற்றிய யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மரணச் செய்திகளைப் பத்திரிகைகளில் படித்தோம்.

அப்படியானால், இவனுக்கு மிக நெருங்கிய பாவ சந்தர்ப்பம் எது? சந்தியில் நிற்கும் பழைய கூட்டாளிதான் என்போம். அவனைவிட நெருங்கியது ஒன்று உண்டு: மறுபடி விழுந்ததை ஒருவரிடமும் சொல்ல முடியாத தனிமை. தாயிடம் சொன்னால் அழுவாள். தகப்பனிடம் சொன்னால் அடி விழும். அயலவர் காதில் விழுந்தால் தங்கையின் கலியாணம் குழம்பும். குருவானவரிடம் சொன்னால்?

சில ஆண்டுகளுக்கு முன்பு பங்குமனை விறாந்தையில் ஓர் இளைஞன் என்னிடம் சொன்னான். (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அங்கே கேட்டிருந்தால் இங்கே எழுதமாட்டேன்.) “முதலில் அதை விட்டுவிட்டு வா, பிறகு பேசுவோம்” என்றேன். அவன் பிறகு வரவில்லை.

இதே வார்த்தையைக் கேட்ட ஒருவர் இன்று நம் பீடத்துப் புனிதர். சீனாவின் ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த வைத்தியர் மாற்கு ஜி தியான்சியாங், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். வயிற்று நோய்க்கு அபின் எடுக்கப்போய் அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்ப அதே பாவத்தோடு வந்தவரிடம், அதை விட்டபின் வரும்படி குரு சொல்லிவிட்டார். முப்பது ஆண்டுகள் பாவமன்னிப்பும் நற்கருணையும் இன்றியே அவர் கோவிலுக்கு வந்துகொண்டிருந்தார். அபினை விட முடியாத அந்த மனிதர், 1900ஆம் ஆண்டுப் பொக்ஸர் கலகத்தில் வேதத்தை மறுதலிக்க மறுத்து உயிரை விட்டார். 2000 ஒக்டோபர் 1ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதர் என அறிவித்தார். அந்தக் குருவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தன்னைப்போல விழுந்தெழும் இன்னொருவனோடு பேசும் வழி அவருக்குக் கிட்டியதாகத் தெரியவில்லை. 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில், வியாபாரம் தோற்று ஹோட்டலில் தனியே நின்றார் பில் வில்சன். குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. மதுச்சாலை பக்கத்தில். அவர் போதகர்மாருக்கு ரெலிபோன் எடுத்தார். புத்திமதி கேட்பதற்கல்ல, தன்னோடு பேசுவதற்கு இன்னொரு குடிகாரனைக் காட்டித்தரும்படி கேட்பதற்கு! அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற வைத்தியர். கால்மணி நேரம் மட்டும் என்று வந்தவர் பல மணிநேரம் இருந்து பேசினார். அந்தச் சந்திப்பிலிருந்தே குடியை விட்டோர் சங்கம் பிறந்தது. 1939இல் அதே நகரத்துப் புனித தோமையார் வைத்தியசாலையில் இக்னேஷியா என்ற கன்னியர் அத்தகைய நோயாளருக்குக் கட்டில் கொடுத்தார். 1953இல் கலிபோர்னியாவில், போதைப்பொருளை விட்டோருக்கும் இதே முறையில் ஒரு சங்கம் உண்டாயிற்று.

அந்தக் கூட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? “மூன்று நாளாகத் தொடவில்லை” என்று ஒருவன் பொய் சொன்னால் தாய் நம்புவாள், நானும் நம்புவேன். அதே பொய்யைத் தானும் பலமுறை சொன்னவன் நம்பமாட்டான். நம்பாமலும், விரட்டாமலும் பக்கத்தில் இருப்பான். சுவிசேஷத்துப் பத்துக் குட்டரோகிகளை நினைத்துப் பாருங்கள். யூதனும் சமாரியனும் சேர்ந்து நிற்கமாட்டார்கள்; அந்த நோய் அவர்களைச் சேர்த்து நிறுத்தியது. சேர்ந்தே கூவினார்கள், நடந்துபோகும் வழியில் சுகமானார்கள்.

தாயின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. கூட்டம் முடிந்தபின் இருவர் மட்டும் ஒதுங்கிப் போனால், ஒருவன் மற்றவனிடம் கடன் கேட்டால், அது பழைய கூட்டாளித்தனமேதான். வைத்தியர் கொடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்பவனும் துணைவனல்லன். மெதடோன் போன்றவற்றை உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது. அதை ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று’ என்று ஏளனம் செய்பவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் நான் சொன்னபோது அந்தத் தாய்க்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை. “ராத்திரியிலை ஆரோடையோ ரெலிபோனிலை கதைக்கிறான். ஆரெண்டு கேட்டாச் சொல்லுறானில்லை” என்றார். அதைக் கேட்க வேண்டாம், காசு மட்டும் குறைகிறதா என்று பாருங்கள் என்றேன்.

எழுந்து படலைவரை போனவர் திரும்பி நின்றார்.

“அந்தப் பெடியள் கூடுற இடத்திலை தேத்தண்ணி ஆர் குடுக்கிறது, சுவாமி?”