இருள் எங்கே இருக்கிறது?



டுசல்டோர்ஃப் நகரின் பல வீதிகளில் இன்றும் எரிவாயு விளக்குகளே எரிகின்றன. மின்விளக்கு வீதியிலிருந்து அங்கே திரும்பியதும் "ஒரே இருட்டு" என்கிறோம். சற்று நின்றால் மதிலும் வாசற்படியும் தெரிகின்றன. விளக்கு கூடவில்லை, கண்தான் பழகிவிட்டது.

இதே ரைன் நதியோரத்துப் பொன் நகரில், மக்ஸ் சுல்ட்சே என்னும் பேராசிரியர் ஆந்தை, வௌவால் முதலிய இராப்பிராணிகளின் விழித்திரையை ஆராய்ந்தார். மங்கிய ஒளியைக் காண்பவை கோல் வடிவக் கலங்களே என்று 1866இல் எழுதினார். அவை எமக்கும் உண்டு. பூனைக்கு, விழித்திரையின் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலமும் உண்டு. எமக்கு அது இல்லை. எனவே எமக்குப் பொறுமை வேண்டும். கண் இருளுக்கு நன்கு பழக அரைமணி நேரமளவு செல்லும். இடையில் ஒரு காரின் வெளிச்சம் பட்டாலே அது குலைந்துவிடும்.

மனிதரைப் பார்ப்பதும் இப்படித்தான். வீட்டில் பேசாதிருக்கும் மகனை, புதிதாக வந்த அயலவரை ஒரே பார்வையில் எடைபோட்டு விடுகிறோம். அங்கே தெரிவது அவர்களின் இருளா, எமது கண்ணின் அவசரமா? நடுவே எழும் கோபமும் கார் வெளிச்சம் போன்றதே.

தீர்ப்புச் சொல்லுமுன் அரைமணி நேரம் அருகிலிருந்து பார்ப்போமே!