தலைமையிடமும் தருமமும்
கண்டி நகரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நிறுவனமொன்று தன் தலைமையகத்தை ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு மாற்றிக்கொள்ளும்போது இரு வினாக்கள் எழுகின்றன. விட்டுச்செல்லப்படும் ஊரின் வருவாய் எவ்வளவு குறையும் என்பது ஒன்று. அவ்வூருக்கு அந்நிறுவனம் ஏதேனும் கடன்பட்டிருந்ததா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பொருளியலார் கணக்கிட்டு விடை கூறுவர். இரண்டாவதற்கான விடை எந்தக் கணக்கேட்டிலும் இல்லை; அது அறத்தின்பாற்பட்டது. இவ்விரண்டும் வெவ்வேறானவை போலத் தோன்றினும், ஒன்றை விடுத்து மற்றொன்றைத் தெளிதல் இயலாது. இவற்றை ஒருங்குவைத்து ஆராய்வதற்குக் கண்டி நகரினும் பொருத்தமான களம் இலங்கையில் வேறில்லை எனலாம். தலைமைகள் வருவதையும் போவதையும் பலமுறை கண்ட நகர் அது.

16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1815 வரை கண்டி சுதந்திர அரசொன்றின் தலைநகராக விளங்கிற்று. 1815 மார்ச் 2ஆம் நாள் ஒப்பந்தத்தின்வழி அவ்வரசு பிரித்தானியரின் கைக்கு மாறியது. இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பின்னர் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அதன் பின்னரும் கண்டிப் பிரதேசங்கள் சில காலம் தனி நிருவாகமாகவே இருந்தன. 1833இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்கள் அத்தனித்தன்மையை நீக்கித் தீவு முழுவதையும் கொழும்பின்கீழ் ஒரே நிருவாகமாக்கின. தலைமை இவ்வாறு பெயர்ந்தமையால் நேர்ந்த இழப்பை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல் எடுத்துரைக்கின்றது. அரண்மனைப் பட்டறைகளில் பொன்னும் வெள்ளியும் தந்தமும் கொண்டு பணியாற்றிய கைவினைஞர், தம்மை ஆதரித்த அரசு மறைந்தபோது தம் கலையின் அடித்தளத்தையே இழந்தனர். எனினும் தலதா மாளிகை பெயரவில்லை. அதனோடு இணைந்த நிலங்களும் ஊழியங்களும் ஆண்டுதோறும் நிகழும் பெரஹராவும் எஞ்சின; அவற்றைச் சார்ந்து வாழ்ந்த குடிகளும் எஞ்சினர். அரசனோடு மட்டும் பிணைக்கப்பட்டிருந்த வாழ்வு சரிந்தது. இடத்தோடு பிணைக்கப்பட்டிருந்த வாழ்வு நின்றது. இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது.

இதற்கு நேர்மாறானதொரு நிகழ்ச்சியும் கண்டியின் வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழல்களில் அலுவலகக் கொட்டில்கள் எழுந்தன. உத்தியோகத்தரும் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். உறைவிடம், உணவு, போக்குவரத்து, சலவை, தையல் என அவர்களுக்கு வேண்டாதது எதுவுமில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின் பின், 1945 இறுதியில், அத்தலைமையகம் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. படைத் தலைமையொன்று போரின் போக்கைத் தொடர்ந்து செல்வது இயல்பே. கண்டி மக்களுடன் அதற்கு எவ்வித ஒப்பந்தமும் இருக்கவில்லை. அது விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே சென்றது. அதன் செலவினத்தால் நகருக்கு நன்மை விளைந்திருக்கலாம். ஆயின் அது பிரிந்தமையை எவரும் நன்றிக்கேடு எனக் கூறார். தலைமையகம் நீங்குவது எப்போதும் அறப்பிழையாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அங்ஙனமாயின், எப்போது அது அறத்தின் விசாரணைக்கு உட்படுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண மலைநாட்டின் பெருந்தோட்டப் பொருளாதாரத்தை நோக்குதல் வேண்டும். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலையும் பரவின. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டதும், கொழும்பிலிருந்து கண்டிவரை புகையிரதம் ஓடத் தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1867இல், நிகழ்ந்தன. அதற்கு முன்பே, 1854இல், இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் கண்டி நகரிலேயே நிறுவப்பட்டிருந்தது. இன்று அது கொழும்பிலிருந்து இயங்குகின்றது. தோட்டங்களை உடைமையாகக் கொண்ட கம்பனிகளோ தொடக்கத்திலிருந்தே தொலைவில் இருந்தன. ஸ்ரேலிங் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகள் இலண்டனில் கூடின. அவற்றின் முகவர் நிலையங்கள் கொழும்புக் கோட்டையில் அமைந்தன. கொழுந்து மலையிற் கொய்யப்பட்டது. அதன் விலை கொழும்பிலும் இலண்டனிலும் ஏலத்தில் தீர்மானிக்கப்பட்டது. ஆதாயம் அதற்கப்பாலும் சென்றது.

மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த நிறுவனமொன்றின் வரலாறு இவ்விடத்து இன்னும் நுட்பமானது. 1888இல் தோட்டத்துரைமார் இருவர் ஹட்டனில் ஒரு வங்கியைத் தொடங்கினர். 1970இல் அதன் வழிவந்த ஹட்டன் நஷனல் வங்கி, நஷனல் அன்ட் கிரின்ட்லேஸ் வங்கியின் கண்டி, நுவரெலியாக் கிளைகளையும் ஏற்றுப் புதிய உருப்பெற்றது. இன்று அது நாட்டின் பெரும் தனியார் வங்கிகளுள் ஒன்று. அதன் தலைமையகம் கொழும்பில் உயர்ந்து நிற்கின்றது. பெயரில் மட்டும் ஹட்டன் நிலைத்திருக்கின்றது. வளர்ந்த நிறுவனமொன்று துறைமுகமும் சந்தையும் மத்திய வங்கியும் உள்ள நகரை நாடுவது வியப்பன்று. மலையூரிலேயே தங்கியிருந்திருப்பின் அவ்வங்கி இவ்வளவு வளர்ந்திருக்குமா என்பதும் ஐயத்துக்குரியதே. ஆதலின் இதனைப் பழியாகக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் இத்தகைய பெயர்ச்சியில் ஊரொன்று இழப்பது யாது என்பது ஆராயற்பாலது.

இழப்பு இருவகைப்படும். கண்ணுக்குப் புலனாவது ஒருவகை. உயர் உத்தியோகத்தரின் சம்பளம், அதனை நம்பிய கடைத்தெரு, வாடகை வீடுகள், அச்சகம், கணக்காளர், வழக்கறிஞர், உணவுச்சாலை, நகரசபைக்குச் சேரும் வரி என்பன ஒன்றன்பின் ஒன்றாக மெலிகின்றன. ஒருவர் செலவு மற்றொருவர் வருமானமாதலின், முதலிற் குறைந்த ஒரு ரூபாய் பல கைகளிற் குறைந்த ரூபாயாகின்றது. பொருளியலார் பெருக்கி என்பது இதனையே. கண்ணுக்குப் புலனாகாதது மற்றொருவகை. முடிவெடுக்கும் அதிகாரமும், அதற்கு ஆதாரமான நேரடி அறிவும் ஊரைவிட்டு அகல்கின்றன. ஊரிலேயே வாழும் வங்கியாளர், கடன்கேட்டு வருபவனின் கடையை அறிவார். அவன் தந்தையின் நாணயத்தை அறிவார். மழை பிழைத்த ஆண்டில் தவணை தவறியதன் காரணத்தையும் அறிவார். தொலைவிலுள்ள தலைமைக்கு அவன் விண்ணப்பப் படிவத்தில் உள்ள இலக்கங்களின் தொகுதியே. அவன் கெட்டவனாகக் கருதப்படுவதில்லை, கருதப்படுவதேயில்லை. முதல்வகை இழப்பைப் பிறிதொரு நிறுவனம் வந்து ஈடுசெய்யலாம். இரண்டாவதை ஈடுசெய்தல் எளிதன்று.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவன வலுவற்றவை அல்ல. உடைமையாளன் தன் உடைமையை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமையுடையவன் என்பர். கம்பனியொன்று தொழிலாளிக்குக் கூலியும், வழங்குநருக்கு விலையும், அரசுக்கு வரியும் செலுத்திவிட்டால் அதன் கடன் தீர்ந்தது என்பர். ஓரூரின் நட்டம் மற்றோரூரின் இலாபம். நாட்டின் மொத்தக் கணக்கில் நன்மையே மிகும் என்பர். இவற்றுள் இறுதி வாதம் பயன்பாட்டுவாதிகளின் அளவுகோலைச் சார்ந்தது. ஆயின் கூட்டுத்தொகை எவ்வளவு என்பதை அவ்வளவுகோல் காட்டுமேயன்றி, அதனை யார் பெற்றார், யார் இழந்தார் என்பதைக் காட்டாது. கொழும்பு பெற்றதைக் கொண்டு கண்டியின் அச்சுக்கோப்பாளன் அரிசி வாங்க முடியாது. ஒப்பந்தம் பற்றிய வாதமும் முழுமையானதன்று. ஓரூரின் பாதையும் நீரும் பள்ளிக்கூடமும், தலைமுறைகளாகப் பழகிய கைகளின் திறனும் எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் செலவாகப் பதியப்படுவதில்லை. பெற்றது பதியப்படாமையால் கடன் இல்லையென்றாகாது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று கான்ற் வகுத்த நெறியை ஊர்களுக்கும் விரித்துக் கூறுதல் தவறாகாது.

தமிழ் மரபு இச்சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகியுள்ளது. இறைமாட்சியைப் பேசுமிடத்து வள்ளுவர், குடிமக்கள் எளிதிற் கண்டு முறையிடத்தக்கவனாய் இருத்தலை அரசனுக்குரிய சிறப்புகளுள் ஒன்றாக வைத்தார். மனுநீதிச் சோழன் கதையில் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்குகின்றது. கன்றை இழந்த பசுவும் அதனை அசைக்க முடிகின்றது. அக்கதையில் மன்னனின் தண்டனையையே பலரும் வியப்பர். ஆயின் அதற்கு முன்னதாகக் கவனிக்கற்பாலது மணியின் கயிறு தொங்கிய உயரமாகும். பேசவியலாத உயிருக்கும் எட்டும்படி அது தொங்கியது. ஆட்சியின் அறம் அரியணையின் இடத்தைப் பொறுத்ததன்று. துன்புற்றவரின் கைக்குக் கயிறு எட்டுகின்றதா என்பதைப் பொறுத்தது. இவ்வளவுகோல் அரசர்க்கு மட்டுமன்றி, இன்று அரசரினும் பரந்த ஆட்சியுடைய கம்பனிகளுக்கும் பொருந்தும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், அண்மையே அறமாகிவிடும் என்ற எளிய முடிவும் நிலைக்காது. 1972ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தீர்மானிக்கும் இடம் இலண்டனிலிருந்து கொழும்புக்கு நெருங்கி வந்தது. பல்லாயிரம் மைல் தூரம் ஒருநாட் பயணமாகச் சுருங்கியது. ஆயினும் லயன் அறைகளில் வாழ்ந்தோரின் குரல் அதனால் கேட்கப்பட்டதா? 1974இல் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் இறப்பு மிகுந்தது. கண்டி மாவட்டத்தில் அரசுடைமையான தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதற்கு முன், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோர் எவரும் அம்மேசையில் அமர்ந்திருக்கவில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட ‘பிராந்திய’ப் பெருந்தோட்டக் கம்பனிகள் தோன்றின. தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, புசல்லாவை என மலையூர்கள் அவற்றின் பெயர்களாயின. அவற்றுட் பெரும்பாலானவற்றின் முகவரியோ கொழும்பாயிற்று. உடைமை மாறியது; தூரம் மாறியது; கயிற்றின் உயரம் மட்டும் பெரிதும் மாறவில்லை.

மறுதலையாக, தொலைவிலிருந்தும் கயிற்றைத் தாழ்த்த முடியும் என்பதற்கும் சான்றுண்டு. முன்னர்க் குறிப்பிட்ட ஹட்டன் நஷனல் வங்கி, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பின்னர், 1989இல் ‘கமி புபுதுவ’ என்னும் கிராமியக் கடன் திட்டத்தைத் தொடங்கிற்று. உத்தியோகத்தர் கிராமங்களுக்கே சென்று, பிணைவைக்கச் சொத்தில்லாத சிறு முயற்சியாளரை நேரிற் கண்டு கடன் வழங்குவது அதன் முறை. மலையில் துரைமாரின் தேவைகளையொட்டி எழுந்த வங்கி, மலையைவிட்டு நீங்கிய பின்னரே சிறு குடியானவனின் வாயிலைத் தேடிச் சென்றது என்பது சிந்தனைக்குரியது. தலைமையகம் எங்கிருக்கின்றது என்பதினும் அது எவ்வளவு தூரம் நடந்துவர ஆயத்தமாயுள்ளது என்பதே முதன்மையானது.

இவ்விசாரணையிலிருந்து பல்கலைக்கழகமும் விலக்குப் பெறாது. 1942இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. கண்டி வட்டாரம் கண்ட பெயர்ச்சிகளுள் இதுவே மிகுந்த வாழ்வளித்தது எனின் மிகையாகாது. கலகாச் சந்தியின் கடைகளும், சுற்றயல் ஊர்களின் வாடகை அறைகளும் இதனைச் சார்ந்தே தழைத்தன. ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து நிமிர்ந்து நோக்கினால் தெரியும் ஹந்தானைச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் லயன்களும் உள்ளன. அங்கு வாழ்வோருக்கு அறிவின் இத்தலைமையகம் எத்தனை மைல் தொலைவில் இருக்கின்றது? அவ்வாறே கண்டி நகரமும் கொழும்பை நோக்கி முறையிடும்போது, தன்னைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் தானே ஒரு தலைமையிடம் என்பதை மறத்தலாகாது. கொழும்பிடம் கேட்கும் நியாயத்தை அது கலகாவுக்கும் தெல்தோட்டைக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளது.

எனவே, தலைமையகத்தை மாற்றும் உரிமையை மறுப்பது அறத்தின் கோரிக்கையன்று. நிறுவனங்களை ஓரிடத்திற் கட்டிவைப்பதால் ஊர்கள் வாழ்ந்துவிடுவதில்லை. ஆயின் வெளியேறும் நிறுவனம் மூன்று கடன்களை உடையது எனலாம். தன்னை நம்பியிருந்தோர் மாற்றுவழி காண்பதற்குப் போதிய காலம் முன்னதாக உண்மையை அறிவித்தல் முதலாவது. விளைவு நிகழும் இடத்திலேயே முடிவெடுக்கும் அதிகாரத்தின் ஒரு பகுதியை விட்டுச்செல்லுதல் இரண்டாவது. கிளை முகாமையாளரும் தோட்ட அதிகாரியும் கடிதங்களை மேலனுப்பும் கைகளாக மட்டும் எஞ்சின், ஊருக்கு விடைசொல்வார் எவருமிலர். அம்முடிவுகளால் வாழ்வோரும் வீழ்வோரும் கேள்வி கேட்பதற்கான வழியைத் திறந்துவைத்தல் மூன்றாவது. இம்மூன்றினுள்ளும் இறுதியதே தலையாயது. அது வாய்க்கப்பெறின் ஏனைய இரண்டையும் மக்கள் கேட்டுப் பெறுவர். வாய்க்காவிடின் அவ்விரண்டும் வழங்குவோரின் கருணையாகவே நின்றுவிடும்.

தலதா மாளிகைக்கு அருகே, பழைய அரண்மனைக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து ஆண்டோர் போயினர். அவர்களுக்குப் பின் ஆண்டோரும் போயினர். நகரமும் அதைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து கொய்வோரும் இருக்கின்றனர். இனிவரும் தலைமைகள் எவ்வூரில் அமர்ந்தாலும், அவற்றின் நீதியை அளக்க வேண்டிய இடம் அம்மலைகளே.