இரு கரைக்கும் ஒரே ஏரி



தென் அமெரிக்காவிலே, ஏறக்குறைய 12,500 அடி உயரத்தில் டிட்டிகாக்கா என்னும் பெரிய ஏரி உண்டு. அதன் மேற்கே பெரு தேசம், கிழக்கே பொலிவியா தேசம். இஸ்பானிய ஆட்சியிலிருந்து பெரு 1821-லும் பொலிவியா 1825-லும் சுதந்தரம் பெற்றன. எல்லைக்கோடு தண்ணீரின் நடுவே ஓடுகிறது. இரு கரையிலும் வாழ்கிறவர்களோ அதே ஐமாரா, கெச்சுவா ஜனங்கள். இரு தேசத்துக்கும் பொதுமொழி இஸ்பானியம். பொலிவியாக் கரையில் கொப்பகபானா என்ற ஊரில் தேவமாதா கோயில் இருக்கிறது. அங்கு 1583-ல் ஸ்தாபிக்கப்பட்ட மாதா சுரூபத்தைச் செய்தவர் அந்நாட்டுப் பூர்வகுடியான பிரான்சிஸ்கோ டிட்டோ யுபான்கி. இன்றும் பெரு தேசத்து யாத்திரிகர் எல்லை கடந்து அவளிடம் வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பழவேற்காட்டு ஏரியும் அப்படித்தானே! அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆந்திரத்தில் பிறக்கும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாய் வந்து பழவேற்காட்டில் கடலைச் சேருகிறது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. அன்று கோடு மாறிற்று; எந்த வீட்டு அடுப்பும் இடம் மாறவில்லை. தடாப் பக்கத்துக் குப்பங்களில் தமிழும், கும்மிடிப்பூண்டிக் கிராமங்களில் தெலுங்கும் இன்றும் கேட்கின்றன. கொள்வினை கொடுப்பினையும் நிற்கவில்லை.

ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தொழிற்பேட்டைக்கு வந்திருக்கிறார்களே, அவர்களுக்கும் நமக்கும் பொதுவான ஏரி எது? வீடு கேட்டு வந்தவனை மொழியைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம். "இவர்களாலே நம் பிள்ளைகளுக்கு வேலை போயிற்று" என்கிறோம். உங்கள் கவலை மெய்யானதே. ஆயினும் கூலியை நிர்ணயிக்கிறவன் அவனா? அவனும் வயிற்றுக்காகத் தாயைப் பிரிந்து வந்தவனல்லவா?

பெந்தேகோஸ்தே நாளிலே இஸ்பிரீத்துசாந்துவானவர் எல்லாரையும் ஒரே பாஷை பேச வைக்கவில்லை. அவனவன் தன் தன் பாஷையிலே கேட்டான். நம்மைச் சேர்க்கிற ஏரி இந்தப் பீடமே; நாம் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம்.

ஆகையால், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வாசலில் தனியே நிற்கும் அந்த வாலிபனிடம் போங்கள். பெயரைக் கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள். அந்நியனாய் வந்த என்னை ஏற்றுக்கொண்டாயா என்று நடுத்தீர்வை நாளில் ஆண்டவர் கேட்கும்போது, நமக்கும் சொல்ல ஒரு பதில் இருக்கட்டும்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.