முதல் சங்கிலியைப் போடுங்கள்!

“இமயமலையா? அதெல்லாம் நம்மால ஆகுமா சார்? தாம்பரம் ஸ்டேஷன் படி ஏறினாலே மூச்சு வாங்குது!”

சொன்னவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கையில் செல்போன், அதில் பனிமலைகளுக்கு நடுவே ஓர் ஏரி. பத்து நிமிடமாக அதையே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை விரல் நுனியில் துடிக்கிறது; அவநம்பிக்கை காலைக் கட்டிப் போட்டிருக்கிறது!

மூச்சு வாங்கினால் நின்று வாங்குங்கள். அதற்காக மலையையே விட்டுக்கொடுப்பதா?

அவர் பார்த்தது ஹேமகுண்ட். உத்தராகண்டில், 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஏரி. கரையில் சீக்கியர்களின் குருத்வாரா. காங்கரியா என்ற சிற்றூரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் ஏற்றம். மேலே இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு பகல் நடை! கைத்தடி ஊன்றிய பாட்டிகளும் அந்தப் பாதையில் ஏறுகிறார்கள்.

“மலையில் பிறந்தவர்களுக்குச் சரி, நமக்கு?” என்கிறீர்களா? அப்படியானால் மின்சார ரயிலைப் பிடித்துப் பரங்கிமலையில் இறங்குங்கள்.

1802 ஏப்ரல் 10. ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கப் புறப்பட்டது இங்கேதான். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும், கணக்குக் கெடும். அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். ஒரு முறை, இரு முறை அல்ல. கிட்டத்தட்ட 400 முறை! சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நம் ஊர்ப் பொட்டலில்!

அங்கே தொடங்கிய அளவைதான் ஊர் ஊராக நீண்டு இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டது. 1852-ல் அந்த அளவைத் துறையின் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டு, உலகத்திலேயே உயர்ந்த சிகரம் எது என்று கண்டுபிடித்தார். அதற்குத்தான் பிறகு எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். லாம்டன் அதைப் பார்க்கவில்லை, 1823-லேயே இறந்துபோனார். அன்றன்றைக்கு அவர் முன்னால் இருந்தது எவரெஸ்ட் அல்ல, அடுத்த நூறு அடிதான். அதை ஒழுங்காக அளந்தார்!

உங்கள் அடுத்த நூறு அடி எங்கே? பக்கத்திலேயே, பெருமாள் கோயில் இருக்கும் திருநீர்மலையின் படிகளில்!

ஞாயிறு விடியற்காலையில் போங்கள். கல் இன்னும் குளிர்ந்திருக்கும். முதல் சில படிகள் விளையாட்டாக இருக்கும். பாதியில் தொடை கனக்கும், சட்டை முதுகில் ஒட்டும், “போதும், இறங்கிடலாம்” என்று மனசு நைச்சியம் பேசும். நில்லுங்கள், உட்காராதீர்கள். பத்து மூச்சு. மறுபடி ஏறுங்கள். உச்சியில் காற்று முகத்தில் அடிக்கும். கீழே ஏரி மின்னும், மீனம்பாக்கத்து விமானம் தாழப் பறந்து வரும். அடுத்த வாரம் இரண்டு முறை ஏறுங்கள். அதற்கடுத்த வாரம் முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு ஏறுங்கள்.

வீரம் வேறு, வீம்பு வேறு. ஹேமகுண்ட் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கிளம்பும் முன் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டுங்கள். வழியில் ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்குங்கள். தலை சுற்றினால் இறங்கிவிடுங்கள். மலை எங்கும் ஓடிவிடாது. திரும்பி வந்தவன் தோற்றவன் அல்ல. புறப்படாதவன்தான் தோற்றவன்!

திருநீர்மலையின் தலபுராணம் ஒன்று சொல்கிறது. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். நெருங்க முடியவில்லை. அவர் திரும்பிப் போகவில்லை. நீர் வடியும்வரை ஆறு மாதம் அங்கேயே காத்திருந்து, பெருமாளைத் தரிசித்தாராம்.

அவர் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. பாதையில் வெள்ளம் நின்றது. உங்கள் பாதை காய்ந்து கிடக்கிறதே, நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

செல்போனை மேசையில் வையுங்கள். அலாரம் ஐந்து மணிக்கு. அடுத்த ஞாயிறு அல்ல, இந்த ஞாயிறு!